முதல் பரிசு வாங்கிய இலை

அந்த இலைக்கு முதல் பரிசு கொடுத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால், நைசாக மறைத்து வைத்திருந்து சமயம் பார்த்து எடுத்து நீட்டுகிறான் என்பீர்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருஷம். பட்டு இலாகாவில் கள உதவியாளன் என்ற பெயரில் ஓசூரில் இருந்தேன். என் பெயர் பிரகாசம், சொந்த ஊர் எலத்தகிரி. ஆனால் தளி ரோட்டுக் கிராமங்களில் பிரகாசம் என்று விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. "பூச்சி சார்" என்றால் மாடு மேய்க்கிறவன்கூட வழி காட்டுவான். பட்டுப்புழுவை அங்கே பூச்சி என்றுதான் சொல்வார்கள். மைக்ராஸ்கோப்பை மரப்பெட்டியோடு சைக்கிளில் கட்டிக்கொண்டு, யார் வீட்டுப் பூச்சிக்கு என்ன சீக்கு என்று பார்த்துச் சொல்வது என் உத்தியோகம்.

அந்த ஆவணியில் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு விவசாயக் கண்காட்சி நடத்தினார்கள். பூசணிக்காய்க்கு ஒரு போட்டி, காளைக்கு ஒரு போட்டி, மல்பெரி இலைக்கு ஒரு போட்டி. நல்ல இலைக்குப் பரிசு என்று தண்டோரா போட்டார்கள். நல்ல இலை எது என்று முடிவு செய்ய என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதிரே முப்பது இலைகள். தலைக்கு மேல் வெயில், வயிற்றில் பசி, கையில் ஒரு அடிஸ்கேல். அறிவுள்ளவனாக இருந்தால் இலையைத் தொட்டுப் பார்த்திருப்பேன், கசக்கிப் பார்த்திருப்பேன். நான் ஸ்கேலை வைத்து அளந்தேன். வெள்ளையம்மா என்கிற அம்மாள் கொண்டுவந்த இலை ஸ்கேலுக்கு வெளியே இரண்டு விரல் நீண்டுகொண்டிருந்தது. அதில் சோறு போட்டு ஒரு ஆள் சாப்பிடலாம். எழுந்து நின்று, "இலைன்னா இதுதாங்க இலை!" என்று மைக்கில் கத்தினேன். ஜனங்கள் கை தட்டினார்கள். பித்தளைக் குடம் பரிசு. அந்த அம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, காலியாக இருந்த இடத்தில் அதை உட்கார வைத்துத் தான் நின்றுகொண்டே ஊருக்குப் போனாளாம். எனக்குக்கூட அன்றைக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஐப்பசியில் ஆள் வந்து சொன்னான். வெள்ளையம்மா வீட்டில் பூச்சி சாகிறது.

போய்ச் சேரும்போது காலை பத்து மணி இருக்கும். நல்ல வசதியான தோட்டம். வீட்டை ஒட்டித் தாழ்வாக அரை ஏக்கர் மல்பெரி, அதன் மேல் குடை பிடித்தாற்போல் மூன்று பலாமரங்கள். தள்ளி, மேட்டில், மரமே இல்லாத வெட்டவெளியில் இன்னொரு அரை ஏக்கர். முதலில் நான் பார்த்தது இதையெல்லாம் அல்ல. வாசலில் வண்டி கட்டத் தயாராக நின்றது. மாட்டுக் கொட்டகை ஓரத்தில் ஒரு தகரப்பெட்டி, அதன் மேல் ஒரு பெண். இருபது வயதுகூட இருக்காது. தலை ஈரமாக இருந்தது. கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் வேலி ஓரம் நின்றார்கள். சாவு வீட்டுக்குத்தான் வந்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

வெள்ளையம்மாவின் புருஷன் கோவிந்தப்பன் வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். "வாங்க சார். பாக்கறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லீங்க. எல்லாம் தண்ணியா போயிடுச்சு."

பூச்சி அறைக்குள் போனேன். வாடை முகத்தில் அடித்தது. மூங்கில் தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாக எட்டு. விரல் தடிமனுக்கு வந்து, இன்னும் இரண்டு நாளில் கூடு கட்ட வேண்டிய புழுக்கள், கறுத்துத் துவண்டு, தொட்டால் நீராக உடைந்தன. இந்த வேலைக்கு வந்து ஐந்து வருஷமாகியும் அந்தக் காட்சி எனக்குப் பழகவில்லை. ஒரு மாதம் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாளுக்கு நாலைந்து தரம் தீனி, குப்பை வாரல், கதவில் வேப்பிலை.

"பூச்சிக்கு என்னா நோவுன்னு நீங்க கண்ணாடி வெச்சுப் பாக்க வேணாம் சார்." பின்னாலிருந்து வெள்ளையம்மாவின் குரல். முழங்காலில் வாட்டிய எருக்கிலை வைத்துத் துணியால் கட்டியிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். "வூடு சுத்தமா இருந்தா பூச்சி சுத்தமா இருக்கும். தூரமான பொண்ணு உள்ள காலு வெச்சா பூச்சி தாங்குமா?"

விஷயம் இதுதான். வெளியே பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறவள் மருமகள் நாராயணம்மா, ஆனேக்கல் பக்கத்துப் பெண். நாலு நாளைக்கு முன்னால் வீட்டுக்குத் தூரமாகி, தோட்டத்து மூலையில் அதற்கென்றே இருக்கிற கொட்டாயில் மூன்று நாள் இருந்தாள். அந்த மூன்று நாளில்தான் பூச்சி கொத்துக் கொத்தாகச் செத்தது. அவள் பூச்சி அறைக் கதவுகிட்டே நின்றதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாளாம். இன்றைக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். இன்றைக்கே அம்மா வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

"எத்தினி நாளைக்கும்மா?" என்று கேட்டேன்.

வெள்ளையம்மா வாசலில் நின்ற வண்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுதான் பதில். கல்யாணமாகி இரண்டு வருஷம், குழந்தை இல்லை. பூச்சியைக் கொன்றவள் என்ற பேரோடு வண்டி ஏறினால் அந்தப் பெண் திரும்பி வரப்போவதில்லை. அவள் புருஷன் ராஜப்பன் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தான். உதறின வைக்கோலையே திரும்பத் திரும்ப உதறினான். எனக்குக் கோபம் வந்தால் காது இரண்டும் சிவந்துவிடும், மறைக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு மைக்ராஸ்கோப் பெட்டியை வாசலில் இறக்கித் திறந்தேன்.

செத்த புழுவை நசுக்கி ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். தொற்று நோயாக இருந்தால் பளபளவென்று அரிசி மாதிரி மணிகள் தெரியும். ஒன்றும் இல்லை. அப்படியானால் தீனிதான்.

"என்னா எலை போட்டீங்க?"

வாசல் சுவரில் சாய்ந்திருந்த வெள்ளையம்மா நிமிர்ந்தாள். முழங்கால் வலியையும் மறந்துவிட்டாள். "பரிசு வாங்குன எலைதான்! பூச்சி நாலாந் தூக்கம் தூங்கித் தோலுரிச்சு எழுந்த நாள்லேர்ந்து பலாமரத்தடி எலையத் தவிர வேற எலையே காட்டல. இந்த வூட்டுல என் கை படாம ஒரு எலை உள்ள போவாது சார். எட்டுத் தட்டுக்கும் நான்தான் போட்டேன். மேட்டு எலைய மாட்டுக்குத்தான் வெட்டிப் போட்டுக்கிட்டு இருக்கோம். அது கட்டையா, சொரசொரன்னு, கை அகலங்கூட இல்ல."

அந்த அம்மாள் இதைச் சொன்னபோது என் முகத்தைத்தான் பார்த்தாள், இலை என்றால் இதுதான் என்று நான் இன்னொரு தரம் சொல்வேன் என்பதுபோல.

எழுந்து தோட்டத்துக்குப் போனேன். பலாமரத்தடியில் உச்சி வெயிலிலும் அந்தி மாதிரி இருந்தது. அங்கே ஒரு இலை, மேட்டில் ஒரு இலை பறித்தேன். நிழல் இலை பட்டுத்துணி மாதிரி வழுக்கிக்கொண்டு தொங்கியது. கசக்கினேன், உள்ளங்கை நனைந்தது. மேட்டு இலை சின்னது, தடிப்பானது, கசக்கினால் நொறுங்கியது, கையில் பிசுபிசுவென்று சத்து ஒட்டியது. இரண்டையும் ஆவணியிலேயே இப்படிப் பிடித்துப் பார்த்திருக்க எனக்கு என்ன கேடு வந்தது?

திரும்பி வந்து ஒரு உருளைக்கிழங்கு கேட்டேன். வேலி ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். பூச்சி சாருக்குப் பசி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். கிழங்கைப் பிளந்து நடுவில் இலைத் துண்டைச் செருகி, சவர பிளேடால் இரண்டையும் சேர்த்து மெல்லிசாகச் சீவினேன். அப்படிச் சீவினால்தான் இலையின் குறுக்குவெட்டு கிழியாமல் கிடைக்கும். மேட்டு இலைச் சீவலை ஒரு கண்ணாடித் துண்டில், நிழல் இலைச் சீவலை இன்னொன்றில் வைத்து, கோவிந்தப்பனைக் கூப்பிட்டேன்.

அவர் முதலில் தவறான கண்ணை மூடினார். பிறகு சரியாகி, வெகுநேரம் பார்த்தார். "பச்சையா வேலி மாதிரி தெரியுதுங்க. குச்சி குச்சியா நெருக்கி நட்டாப்பல."

"எத்தினி வரிசை?"

"ரெண்டு. அதுக்குக் கீழ கலைஞ்சு கெடக்குது."

"இப்ப இதப் பாருங்க." நிழல் இலையை வைத்தேன்.

"ஒரே வரிசைதான். அதுவும் குட்டையா." தலையைத் தூக்கினார். "மிச்சமெல்லாம் ஓட்டையா இருக்குதே சார்?"

"அந்த வேலிதாங்க எலையோட சமையல்கட்டு. மேல்தோலு கண்ணாடி மாதிரி, வெளிச்சத்த உள்ள வுடும். அடித்தோல்ல கண்ணுக்குத் தெரியாத வாசலுங்க இருக்கு, அதுவழியா காத்து வரும். நடுவுல கலைஞ்சு கெடக்குதே, அது காத்து போவறதுக்கான எடம். நரம்புல தண்ணி வருது. வெளிச்சம், காத்து, தண்ணி, மூணும் சேர்ந்து அந்தப் பச்சை வேலியிலதான் எலை தனக்கு வேண்டிய மாவ ஆக்கிக்குது. மேட்டுல வெயிலு நல்லா எறங்குது, ரெண்டாவது வரிசைக்கும் வெளிச்சம் போவுது. அதனால எலை தடிப்பா ரெண்டு வரிசை கட்டிக்குது. பலாமரத்தடியில மொத வரிசைக்கே வெளிச்சம் பத்தல. ரெண்டாவது கட்டி என்னா செய்யும்? விழுற கொஞ்ச வெளிச்சத்தையாவது புடிக்கலாம்னு அகல அகலமா விரியுது. அது வயிறு நெறஞ்சு பெருத்த எலை இல்லீங்க. வெளிச்சத்துக்கு ஏங்கி விரிஞ்ச எலை. மழை நாள்ல அதைப் பூச்சிக்குப் போட்டா வெறும் தண்ணியத்தான் திங்குது. குடலு கெட்டுப் போவுது."

ராஜப்பன் வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னான். "இவளும் இதத்தான் சார் சொன்னா. மொத நாளே. இவங்கம்மா வூட்டுல நெழலு எலைய மாட்டுக்குத்தான் போடுவாங்களாம்."

"சொன்னாளா? நீங்க என்னா சொன்னீங்க?"

ராஜப்பன் தன் அம்மாவைப் பார்த்தான். வெள்ளையம்மாதான் சொன்னாள், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "பரிசு உங்கம்மா வாங்குனாளா நான் வாங்குனேனான்னு கேட்டேன்."

இனிமேல் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் மனுஷனில்லை. வேலி ஓரத்துப் பெண்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். "அம்மா, அந்தப் பரிசு தப்பு. தப்பு உங்களுது இல்ல, என்னுது. எனக்குத் தெரியும், தெரிஞ்சும் ஸ்கேல வெச்சு அளந்துட்டேன். உங்க பூச்சி செத்ததுக்கு நான்தான் காரணம். இந்தப் பொண்ணு இல்ல."

வெள்ளையம்மாவின் முகம் சுருங்கியது. கை அவளை அறியாமல் வாசலில் வைத்திருந்த பித்தளைக் குடத்தின் விளிம்புக்குப் போயிற்று. நான் மன்னிப்புக் கேட்டேன் என்றுதான் நினைத்தேன். அந்த அம்மாளிடமிருந்து எதைப் பிடுங்கினேன் என்பது அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

வேலி ஓரத்திலிருந்து ஒருத்தி சொன்னாள். "சாரு நல்லவரு, பொண்ணுக்குப் பரிஞ்சு பழியத் தன் தலையில போட்டுக்கறாரு. கண்ணாடிக்குள்ள ஆயிரம் தெரியும். மேட்டு எலை தின்ன பூச்சி பொழைக்கும்னு யாரு கண்டது?"

ஆத்திரத்தோடு மறுபடி பூச்சி அறைக்குள் போனேன். ஒவ்வொரு தட்டாக இழுத்துப் பார்த்தேன். ஏழு தட்டிலும் அதே கோலம். எட்டாவது தட்டு எல்லாவற்றுக்கும் அடியில், சன்னலுக்குக் கீழே, மேலே ஒரு ஈரச்சாக்கு மூடிக் கிடந்தது. முழங்கால் நோகிறவள் அதுவரை குனிந்திருக்க மாட்டாள், மேலிருந்தே இலையை வீசியிருப்பாள். சாக்கை எடுத்தேன்.

உயிரோடு இருந்தன. ஒன்றிரண்டு அல்ல, தட்டு முழுக்க. கொழுகொழுவென்று, தலையைத் தூக்கித் தூக்கி, கூடு கட்ட இடம் தேடுகிற பக்குவத்தில். கீழே தின்று போட்ட மிச்சம், தடித்த நடு நரம்புகள், சொரசொரப்பான இலை ஓரங்கள். மேட்டு இலை! தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். எனக்குச் சந்தோஷம் வந்தால் புத்தி போய்விடும்.

"இந்தாங்க! யாரு கண்டதுன்னு கேட்டீங்களே, இந்தாங்க! இந்தத் தட்டு மேட்டு எலை தின்ன தட்டு. மூணு நாலு நாளா தின்னிருக்கு. யாரு போட்டது? யாரு போட்டது, சொல்லுங்க!"

என் கண் தற்செயலாகத் தகரப்பெட்டிப் பக்கம் போயிற்று. நாராயணம்மா எழுந்து நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. பதற்றத்தில் முந்தானை நழுவிக் கைகள் வெளியே தெரிந்தன. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்திருந்தன. மல்பெரியை அரிவாள் இல்லாமல் கையால் கிள்ளினால் பால் வடிந்து விரலில் காய்ந்து கறுக்கும். நாலு நாள் தேய்த்தாலும் போகாது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி பார்த்தது பொய்யில்லை. அந்தப் பெண் கொட்டாயிலிருந்து எழுந்து, மேட்டுக்குப் போய் இலை கிள்ளி, எல்லாரும் அசந்த நேரத்தில் பூச்சி அறைக்குள் போயிருக்கிறாள். மூன்று நாளும் போயிருக்கிறாள். மாமியார் வீசிய நிழல் இலையை எடுத்து எறிந்துவிட்டு, யார் கண்ணுக்கும் படாத அடித்தட்டு ஒன்றையாவது காப்பாற்றியிருக்கிறாள். இலைதான் காரணம் என்பதற்கு என் கையில் இருக்கிற ஒரே சாட்சி, அவள் தீட்டோடு உள்ளே போனாள் என்பதற்கும் சாட்சி. அதை நான் ஊரைக் கூட்டி, யார் யார் என்று கூவிக்கொண்டிருக்கிறேன். அந்த நிமிஷம் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"அது... வந்து... தவறிப்போய் நாலு எலை..." என்று உளறினேன். எனக்குப் பொய் சொல்ல வராது. வெட்கமாக இருந்தது.

வெள்ளையம்மா சுவரை விட்டு வந்தாள். ஒரு காலை நீட்டிக்கொண்டு, முனகிக்கொண்டு, தட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒரு புழுவைத் தொட்டாள். அது தலையைத் தூக்கி அவள் விரல் மேல் ஏறியது. தின்று மிஞ்சிய நரம்பு ஒன்றை எடுத்து விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தாள். பிறகு தலை நிமிர்ந்து மருமகளின் கைகளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நாராயணம்மா கையை மறைக்கவில்லை. மறைத்துப் பிரயோஜனமில்லை என்று விட்டுவிட்டாள் போலிருக்கிறது.

"நான்தான் போட்டேன்" என்றாள் வெள்ளையம்மா.

கோவிந்தப்பன் திரும்பினார். "நீயா? எட்டுத் தட்டுக்கும் பலாமரத்து எலைதான்னு இப்பத்தான..."

"மறந்துட்டேன். மூணு நாளா பலாமரத்து எலை கொஞ்சம் பத்தல. மேட்டுல போயி கிள்ளிட்டு வந்து இந்தத் தட்டுக்குப் போட்டேன். அதுக்கு என்னா இப்ப?"

வேலி ஓரத்துப் பெண்கள் அவள் முழங்காலைப் பார்த்தார்கள். எருக்கிலைக் கட்டோடு பத்து நாளாக வாசல்படி இறங்கவே ஆள் பிடிக்கிறவள் என்பது அவர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த மேடு ஏற எனக்கே மூச்சு வாங்கியது. ஒருத்தி வாயைத் திறந்தாள். வெள்ளையம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

"பூச்சி செத்தது என் எலையால. பொழைச்சது மேட்டு எலையால. சாரு கண்ணாடி வெச்சுப் பாத்துச் சொல்லிட்டாரு. இதுல வேற யாருக்கும் ஒரு பங்கும் இல்ல. கேட்டுக்கிட்டீங்களா? போயி அவங்கவங்க வேலையப் பாருங்க." பிறகு மகனிடம், "ராஜப்பா, மாட்டைக் கொட்டகையில கட்டு. அந்தப் பொட்டிய உள்ள எடுத்து வை" என்றாள்.

ராஜப்பன் முதலில் பெட்டியைத்தான் தூக்கினான். தூக்கிக்கொண்டு ஓடினான் என்றே சொல்லவேண்டும்.

நாராயணம்மா அசையாமல் நின்றாள். "அத்தே..." என்று ஆரம்பித்தாள்.

"ஒண்ணும் பேசாத. இங்க வா."

அவள் வந்தாள். வெள்ளையம்மா பரிசுக் குடத்தைத் தரையோடு இழுத்துச் சாய்த்தாள். மருமகளின் கையைப் பிடித்துக் கீழே உட்கார வைத்து, விரல்களில் தண்ணீர் ஊற்றி, தன் பெருவிரலால் கறையைத் தேய்த்தாள். போகவில்லை. மண்ணைத் தொட்டுத் தேய்த்தாள். அப்போதும் போகவில்லை. அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுதாள். மாமியார் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, கறுத்த விரல்கள் இரண்டையும் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

"பூச்சி பசியில தலை தூக்குது பாரு" என்றாள். "சாயங்காலத்துக்குள்ள ஒரு கூடை வேணும். என்னால அந்த மேடு ஏற முடியாது, நாராயணம்மா. நீ போயி கிள்ளிட்டு வா."